‘டேபிள்’ செய்வதென்றால் பேசுவதா, ஒத்திவைப்பதா?

வணக்கம். மேலாளர் ‘லெட்ஸ் டேபிள் இட்’ என்று மின்னஞ்சலில் எழுதியதை ‘விவாதத்துக்கு எடுப்போம்’ என விளங்கிக்கொண்டு, கொள்ளுப்பிட்டி அலுவலகக் கூட்டத்துக்கு நீங்கள் அறிக்கையுடன் சென்றதும், அவர் திகைத்ததும் உங்கள் ஆங்கிலக் குறைவால் நேர்ந்தவை அல்ல. பிரித்தானிய வழக்கில், நம் பாராளுமன்றத்தில் ஆவணங்களைச் சபாபீடத்தில் வைப்பதைப் போல, முன்வைப்பதே அதன் பொருள். அமெரிக்கரோ ஒத்திவைப்பதையே அவ்வாறு சொல்வர். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படை அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதிட்டதைச் சேர்ச்சில் தமது போர் வரலாற்றில் பதிந்திருக்கிறார். உங்கள் மேலாளர் அமெரிக்காவில் பணியாற்றியவர் என்கிறீர்கள். ஆகவே ஒத்திவைக்கவே நினைத்திருப்பார். இனி இத்தொடர் வந்தால், ‘இன்றைக்கா, பிறகா?’ என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் நானும் அவ்வாறே கேட்கிறேன்.