என்கவுன்ட்டருக்குக் கை தட்டலாமா?

கேள்வி: சமீபத்தில் ஒரு கோர்ட் த்ரில்லர் பார்த்தேன். பெண்ணைச் சீரழித்துக் கொன்றவர்களை போலீஸ் சுட்டுத்தள்ளும்போது தியேட்டரே விசிலடித்தது, நானும் கை தட்டினேன். இடைவேளைக்குப் பிறகு அதையே தப்பு என்று கோர்ட்டில் வாதாடுகிறார்கள். இதில் எது சரி?
(வாசகர், திருச்சி)

பதில்: தியேட்டருக்கு வெளியிலும் இதே விசில் சத்தம் கேட்டிருக்கிறது. 2019 டிசம்பர் 6, விடிந்தும் விடியாத நேரம். ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து எரித்த வழக்கில் கைதான நான்கு பேரை, சட்டான்பள்ளிக்குப் பொருட்களை மீட்கக் கூட்டிப்போன இடத்தில் போலீஸ் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பிடுங்கினார்கள், தப்பிக்கப் பார்த்தார்கள் என்றது போலீஸ். அன்றைக்கே ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள், இனிப்பு ஊட்டினார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது, அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அப்புறம் நடந்ததையும் பாருங்கள். உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையில் ஆணையம் அமைத்தது. ராஜீவ் கொலை வழக்கை விசாரித்த டி.ஆர்.கார்த்திகேயனும் அதில் உறுப்பினர். 2022 மே மாதம் வெளியான அறிக்கை, துப்பாக்கி பிடுங்கிய கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. செத்த நால்வரில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள்தான் குற்றவாளிகளா? எந்தக் கோர்ட்டும் அதை விசாரிக்கவில்லை, இனி விசாரிக்கவும் முடியாது. ஒருவேளை ஆள் மாறியிருந்தால் உண்மையான கொலைகாரன் இன்றும் வெளியே நடமாடுவான், அந்தப் பெண்ணின் பெயரால் கேட்க ஒரு வழக்குகூட மிச்சமில்லை. எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான்.

கேள்வி: சுட்டதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ். உண்மை எப்படி வெளியே வரும்?
(வாசகி, கரூர்)

பதில்: அதற்காகத்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் பதினாறு விதிகள் போட்டது. எஃப்ஐஆர் கட்டாயம். சிஐடி அல்லது வேறு ஸ்டேஷன் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். கையோடு பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது. கோர்ட்டில் கேட்கப்படுவதும் சின்னச் சின்னக் கேள்விகள்தான்: குண்டு எந்தப் பக்கமாக நுழைந்தது, எத்தனை அடி தூரத்திலிருந்து, பிடுங்கியதாகச் சொல்லும் துப்பாக்கியில் யாருடைய கைரேகை? சோடிக்கப்பட்ட கதை என்றால் இங்கேதான் பிடிபடும்.

கேள்வி: கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தால் ஜனங்கள் வேறு என்னதான் செய்வார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: நியாயமான ஆதங்கம். 2012 டிசம்பரில் நடந்த டெல்லி நிர்பயா வழக்கில் விரைவு நீதிமன்றம் ஒன்பதே மாதத்தில் தண்டனை கொடுத்துவிட்டது, 2014 மார்ச்சில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 2017 மே மாதத்தில். தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20. முதல் கோர்ட் ஒன்பது மாதத்தில் முடித்த வேலை மேலே போனதும் ஆறரை வருஷம் இழுத்தது ஏன் என்று கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள்.