தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பது ஏன்?

ஓராண்டுத் தங்கல் அனுமதி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கடமைகள். 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர், வீடு மாறாவிட்டாலும், டி.எம். 47 படிவத்தில் இருப்பிடத்தைத் தெரிவித்தாக வேண்டும். குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் செல்வோர் கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை செல்லலாம். அதையும் தவறவிட்டுத் தாமே சென்றால் 2,000 பாட் அபராதம்.

அடுத்த தேதி அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். நடுவில் வெளிநாடு சென்று திரும்பினால் அந்தத் தேதி செல்லாது, கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். வெளிநாட்டவர் தம் வீட்டில் வந்து தங்குவதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டிய டி.எம். 30 அறிவிப்பு தனி. அதன் ரசீதையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.