ஜிங்க் ஆக்சைடின் அளவு வேறு, எஸ்பிஎஃப் வேறு

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு இரண்டு ஆண்டுகளாகக் காபித்தூள் குளியல் சோப்பு செய்து விற்கிறது. இப்போது ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் கிரீமும் செய்திருக்கிறோம். டப்பாவில் ‘எஸ்பிஎஃப் 50’ என்று அச்சிட ஆய்வகச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சேலத்தில் ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் வாங்கித் தரப்போவது பெரும்பாலும் உங்கள் கிரீமில் ஜிங்க் ஆக்சைடு எத்தனை சதவீதம் இருக்கிறது என்று சொல்லும் தாளாகவே இருக்கும். கிரீமை அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள துத்தநாகத்தை (ஜிங்க்) அளப்பது எளிய சோதனை. ஆனால் தோல் வெயிலில் சிவப்பதை கிரீம் எத்தனை மடங்கு தடுக்கிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் எண்ணை அந்த அளவை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே அளவு ஜிங்க் ஆக்சைடு போட்டாலும், துகள்கள் நன்றாகப் பரவிய கிரீம் வெயிலைத் தடுக்கும். வீட்டு மிக்சியில் அடித்ததில் துகள்கள் திரண்டு, இடையிடையே தோல் வெறுமையாகவே நிற்கும்.

எஸ்பிஎஃப் எண்ணுக்குப் பல நாடுகளில் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ 24444 என்ற சர்வதேசத் தர முறையில், குறைந்தது 10 பேரின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கிரீமைத் தடவி, விளக்கின் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். இதை 8,000 ரூபாய்க்கு யாரும் செய்து தரமாட்டார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காவிட்டாலும் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதலாகவே விழும்; பொய் எண்ணை நம்பி வெயிலில் நிற்பவரின் தோல்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இடைத்தரகர்களின் வழக்கமான தந்திரம் ஒன்று உண்டு. அறிக்கையின் அடியில், ‘கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த மாதிரி கடையில் வாங்கிய வேறொரு நல்ல கிரீமாகக்கூட இருக்கலாம். ஆகவே மாதிரியை நீங்களே முத்திரையிட்டு, தயாரிப்புத் தொகுதி எண்ணை எழுதி, நேரடியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ‘என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரை இருக்கிறது’ என்று சொன்னால், எந்தச் சோதனைக்கு அந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். குடிநீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரம் கிரீமுக்குச் செல்லாது. எந்த ஆய்வகத்துக்கு எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியலை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் போட்டு வைத்திருப்பவர்கள், சாதாரண மனிதர் படிக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததாகத் தெரியவில்லை.

‘அழகுசாதனப் பொருளுக்கு லைசென்ஸே தேவையில்லை’ என்றும் அவர் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை. கடையில் வைத்து விற்பதற்கு உரிமம் தேவையில்லை. பேருந்து நிலையப் பெட்டிக்கடைக்காரர் உரிமம் இல்லாமல் பவுடர் விற்பது சட்டப்படி சரிதான். ஆனால் அந்த விலக்கு விற்பவருக்கு மட்டுமே. விற்பனைக்காகத் தயாரிப்பவர், ஒரு சமையலறையில் நாற்பது டப்பா செய்தாலும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். செய்பவரும் விற்பவரும் ஒருவரே என்றாலும் கடைக்காரருக்கான விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. சொந்தமாக இடமும் கருவிகளும் இல்லையென்றால், உரிமம் உள்ள ஒரு தொழிற்சாலையில் உங்கள் செய்முறைப்படி தயாரிக்கக் கடன் உரிமம் என்ற வழி இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நீங்களே நேரில் சென்று கேளுங்கள். நான்கு முறை அலைய நேர்ந்தாலும் தரகரை நடுவில் விடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: குளியல் சோப்பும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. இரண்டு ஆண்டுகளாக விற்கும் காபி சோப்புக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.