முதல் அறிவியல் இதழ் எப்படிப் பிறந்தது? - கேள்வி பதில்

உலகின் முதல் அறிவியல் இதழ் பாரிஸில் வந்ததா, லண்டனிலா?

தேதிப்படி பாரிஸ். தெனி த சலோ தொடங்கிய 'ழுர்னால் தே சாவான்' 1665 ஜனவரி 5 அன்று வெளிவந்தது. ஆனால் அதில் புத்தக அறிமுகம், சட்டம் எல்லாம் கலந்திருந்தன. அறிவியலுக்கென்றே தொடங்கியது, அதே ஆண்டு மார்ச் 6 அன்று லண்டனில் வந்த 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்'. இன்றும் வந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் லண்டன் இதழைத்தான் சொல்வேன்.

அதற்கு முன்பு கண்டுபிடிப்புகளை எப்படி வெளியிட்டார்கள்?

கடிதம் எழுதினார்கள், புத்தகம் போட்டார்கள். பல நேரம் ஒளித்தும் வைத்தார்கள். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் சனிக்கோளை விசித்திரமான வடிவில் பார்த்தார். அதை வெளிப்படையாகச் சொல்லாமல், ஒரு லத்தீன் வாக்கியத்தின் 37 எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அனுப்பினார். யாரும் திருட முடியாது, பிறகு விடையைச் சொல்லி 'முதலில் கண்டது நான்' என்று நிரூபிக்கலாம். வானியலாளர் கெப்லர் அதோடு மல்லுக்கட்டி, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று தப்பாகப் படித்தார்! இதழ் வந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே போகவில்லை. ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக், சுருள்வில் எவ்வளவு நீளும் என்று சொல்லும் தன் விதியை 1676-இல் இப்படித்தான் கலைத்து அச்சிட்டார். விடையைச் சொன்னது 1678-இல்.

அப்புறம் ஏன் வெளியே சொல்ல ஒத்துக்கொண்டார்கள்? அடுத்தவர் எடுத்துக்கொள்ள மாட்டாரா?

அந்தப் பயத்துக்கு மருந்து கண்டவர் ஹென்றி ஓல்டன்பர்க். ஜெர்மனியின் பிரெமனில் பிறந்தவர், லண்டனின் அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலாளர். 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழைத் தொடங்கியவர் இவர்தான். வந்த கடிதத்தைத் தேதியோடு பதிவு செய்து அச்சில் போட்டுவிட்டால், முதலில் சொன்னவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஒளித்து வைத்தவருக்குத்தான் இனி நஷ்டம்.

அவருக்கு இதில் வருமானம் இருந்ததா?

மிகக் குறைவு. இதழை அவர் சொந்தப் பொறுப்பில் நடத்தினார், லாபமும் நஷ்டமும் அவருடையது. சொசைட்டி இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1752-இல்தான். போதாததற்கு, ஹாலந்துடன் போர் நடந்த 1667-இல், வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தால் சந்தேகப்பட்டு அவரை 'லண்டன் கோபுரம்' என்ற கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் மறுபடி இதழைக் கையில் எடுத்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பட்டம் படிக்காதவர் எழுத முடிந்ததா?

முடிந்தது. லேவன்ஹூக் டெல்ஃப்ட் ஊரின் துணி வியாபாரி. லத்தீன் தெரியாது, டச்சில்தான் எழுதினார். அவருடைய கடிதங்கள் 1673 முதல் ஆங்கிலத்தில் அச்சாயின. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருப்பதாக 1676-இல் எழுதினார். பலர் நம்பவில்லை. மறு ஆண்டு ஹூக் தானே நுண்ணோக்கி அமைத்து, சொசைட்டி உறுப்பினர்களுக்கு அவற்றைக் காட்டினார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்க்க வழி திறந்தது பாருங்கள், இதழின் பெரிய பயன் அதுதான்.

தமிழ்நாட்டோடு ஏதும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னை கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், இங்கே சேகரித்த செடிகளை லண்டனுக்கு அனுப்பினார். லண்டனில் இருந்த தாவர ஆர்வலர் ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றைப் பற்றி 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே இதழில் எழுதினார். அப்போது ஐரோப்பியர் 'மலபார்' என்று குறித்த தமிழ்ப் பெயர்களும் அதில் இடம்பெற்றன.

பழைய இதழ்களை இப்போது படிக்க முடியுமா?

70 ஆண்டுக்கு முந்தைய கட்டுரைகளை ராயல் சொசைட்டி 2011-இல் இலவசமாகத் திறந்துவிட்டது. முதலில் லேவன்ஹூக்கின் கடிதங்களைப் படியுங்கள்.