அறிவு தானாகப் பரவுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட்டார வளர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இரண்டு சந்தேகங்கள். இன்று எந்த ஆய்வையும் இருந்த இடத்திலிருந்தே படித்துவிடலாம். அப்படியிருந்தும் புதிய தொழில்கள் ஏன் ஒருசில இடங்களிலேயே குவிகின்றன? அப்புறம், கஷ்டப்பட்டுக் கற்றதைப் பக்கத்து வட்டாரத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் நமக்கே போட்டியாகிவிடாதா?

ச.

அன்புள்ள ச.,

காப்புரிமை ஆவணங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனாலும் ஒரு காப்புரிமையை மேற்கோள் காட்டும் அடுத்த கண்டுபிடிப்புகள், அது பிறந்த வட்டாரத்திலிருந்தே எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகின்றன. அமெரிக்கக் காப்புரிமைகளை வைத்து ஜாஃபே, டிராஜ்டென்பெர்க், ஹென்டர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993-இல் இதைக் காட்டினார்கள். ஆவணத்தில் எழுதாத பாதி, செய்பவர்களின் கையிலும் பேச்சிலும் இருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளவும் ஒரு தயார்நிலை வேண்டும். புதியதை உள்வாங்க, அதையொட்டிய அறிவு முன்பே கொஞ்சம் இருக்க வேண்டும் என்று கோஹன், லெவிந்தால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் நிறுவனங்களைப் பற்றி எழுதினார்கள். வட்டாரங்களுக்கும் இது பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜப்பானின் தொமியோக்கா பட்டு நூற்பாலையைப் பாருங்கள். 1872-இல் அரசே கட்டியது. எந்திரங்கள் பிரான்சிலிருந்து வந்தன. பொறுப்பாளர் பால் புருனா என்ற பிரெஞ்சுக்காரர். வெளிநாட்டவர்கள் ஒயின் குடிப்பதைப் பார்த்து, அவர்கள் இரத்தம் குடிக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. பெண்களை வேலைக்கு அனுப்ப ஆளில்லை. ஆலையின் முதல் இயக்குநர் ஒதாக்கா தன் சொந்த மகளையே முதலில் சேர்த்தார். இப்படி ஒரு முடிவை எடுத்த அதிகாரி மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அடுத்த ஆண்டு மட்சுஷிரோ என்ற ஊரிலிருந்து யோகோத்தா எய் என்ற சாமுராய் குடும்பத்துப் பெண் தோழிகளோடு வந்தார். கற்றுக்கொண்டு 1874-இல் ஊர் திரும்பி, அங்கே புதிதாகத் தொடங்கிய ரொக்குஷா ஆலையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிரெஞ்சு எந்திரத்தைப் பார்த்து, உள்ளூர் ஆட்களே எளிமையாகச் செய்துகொண்ட ஆலை அது. அந்தப் பகுதியில் பட்டுப்புழு வளர்ப்பு முன்பே இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

தொமியோக்காவை அரசு 1893-இல் மிட்சுயி என்ற தனியார் வணிகக் குழுமத்துக்கு விற்றுவிட்டது. வெறும் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்தால் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே பழகியவர்கள் பல பகுதிகளுக்குக் கொண்டுபோன திறமை அந்தக் கணக்கில் வரவே வராது.

சரி, போட்டி விஷயம். போட்டி வரத்தான் செய்யும். பூட்டி வைத்தால் வராது என்று மட்டும் எண்ண வேண்டாம். பிரிட்டன் 1824 வரை கைவினைஞர்கள் வெளிநாடு போவதைத் தடுத்தது. ஆனாலும் அங்கே நூற்பாலையில் வேலை பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789-இல் தொழிலை மறைத்துக் கப்பலேறி, மனதில் இருந்ததை வைத்தே அமெரிக்காவில் பருத்தி நூற்பாலை அமைத்தார்.

பூட்டுவதால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ரூட் 128 நெடுஞ்சாலையோரக் கணினி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டன. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறினார்கள், போட்டியாளர்களோடும் பேசினார்கள். 1980-களில் இரண்டுக்கும் நெருக்கடி வந்தபோது பள்ளத்தாக்கு மீண்டு எழுந்தது, ரூட் 128 பின்தங்கியது. அன்னாலீ சாக்ஸேனியன் 1994-இல் வெளியிட்ட நூல் இந்த ஒப்பீட்டைத்தான் விரிவாகச் சொல்கிறது. உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு அதை அவசியம் படியுங்கள்.