ஸ்டென்ட் சிலரை மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது?

கேள்வி: சிறுநீரகக் கல்லை எடுத்தபின் எனக்கு டிஜே ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழல்) வைத்திருக்கிறார்கள். அரை மணிக்கொரு முறை சிறுநீர் முட்டுகிறது. கழிக்கும்போது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலிக்கிறது. அண்ணனுக்கும் இதேபோல் வைத்தார்கள். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குத் தவறாக வைத்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் அப்படி இருக்காது. ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் வரை ஏதேனும் ஒரு தொல்லையைச் சொல்கிறார்கள். விதிவிலக்கு நீங்கள் அல்ல, உங்கள் அண்ணன்தான்.

ஸ்டென்ட்டின் மேல்முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் சுருண்டிருக்கும். வம்பு பெரும்பாலும் கீழ்முனையால்தான். சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியில், சுருள் உரசும் இடத்தில், உணர்வு நரம்புகள் மிகுதி. பை காலியாகும்போது சுவர் சுருங்கிச் சுருளை அழுத்துகிறது. கழித்து முடித்தபிறகும் முட்டுவதுபோல் இருப்பது அதனால்தான். நோயாளியின் உயரத்தைப் பார்த்து 22 முதல் 28 செ.மீ.க்குள் நீளத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆனால் ஒரே உயரமுள்ள இருவருக்குச் சிறுநீர்க்குழாய் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை. மிஞ்சிய நீளம் பைக்குள் இறங்கி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அவதி கூடும். ஓர் எக்ஸ்ரேயில் இது தெரிந்துவிடும். கேட்டு எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஸ்டென்ட் மெல்லியதாக இருந்திருந்தால் தேவலை என்று பலர் நினைக்கிறார்கள். பருமனால் பெரிய வேறுபாடு வருவதில்லை.

விலா வலிக்குக் காரணம் வேறு. சிறுநீர் மேலே திரும்பாதபடி சிறுநீர்க்குழாயின் வாயில் இயற்கையாகவே ஒரு தடுப்பு உண்டு. ஸ்டென்ட் அதைத் திறந்தே வைத்திருப்பதால், கழிக்கும்போது எழும் அழுத்தம் நேரே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ஆகவே முக்காதீர்கள், நெடுநேரம் அடக்கவும் வேண்டாம்.

இவற்றோடு, முன்பே அடிக்கடி சிறுநீர் போகும் வழக்கமுள்ளவர்களுக்கும், கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் தொல்லை கூடலாம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

டாம்சுலோசின் மாத்திரை சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதித் தசையைத் தளர்த்தும். புராஸ்டேட் மருந்தாயிற்றே என்று பெண்கள் தயங்க வேண்டாம். இதற்காக அவர்களுக்கும் தருகிறார்கள். எழுந்து நிற்கையில் தலைசுற்றலாம், கவனம். அவசர உணர்வு அடங்காவிட்டால் சோலிஃபெனாசின் அல்லது மிராபெக்ரான் சேர்ப்பது பற்றி மருத்துவர் முடிவுசெய்வார்.

நடந்தபின் சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தால் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள், போதும். ஆனால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், இரத்தக்கட்டி, சிறுநீர் அடைப்பு, அல்லது ஓயாமல் சொட்டுதல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சொட்டினால் கீழ்முனை நழுவியிருக்கலாம்.

எடுக்கும் தேதியை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஸ்டென்ட்டின்மேல் கல் படியும். அப்புறம் எடுப்பதற்கே தனி அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். உங்கள் தொல்லை தாங்க முடியாததாக இருந்தால், அந்தத் தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்றும் கேளுங்கள். சிறுநீர்க்குழாயின் வீக்கம் வடிந்திருந்தால் பல நேரம் அதற்கு இடமிருக்கும்.