‘சொன்னால் செய்வார்’ என்கிற வீட்டில் உங்கள் நேரம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 3. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கண் விழித்தது முதல் ஓட்டம்தான். எனக்கென்று அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. ‘காலையில் 4 மணிக்கு எழுந்து பார்’ என்றார்கள். எழுந்து பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். பிள்ளைகள் தூங்கிய பிறகு போனைக் கையில் எடுத்தால் மணி 12 ஆகிவிடுகிறது. கணவர் உதவாதவர் இல்லை, சொன்னால் செய்வார். என் நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்களுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளும் இரண்டு வேலைகளும் உள்ள வீடு தினமும் ஓடுகிறதென்றால், அங்கே யாரோ மிக நன்றாகத் திட்டமிடுகிறார்கள். அந்த ‘யாரோ’ நீங்கள் ஒருவர் மட்டுமே என்பதுதான் சிக்கல். அதனால் புது டைரி, கலர் கலராக அட்டவணை, போன் செயலி எதையும் நான் சொல்லப்போவதில்லை. அவற்றை நிரப்புகிற வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் அந்த 12 மணி விவகாரம். பகல் முழுக்கத் தனக்கென்று ஒரு நிமிடம் கிடைக்காதவர்கள் அதை இரவில் வசூலித்துக்கொள்வது மிகச் சாதாரணம். தூக்கத்தை இப்படித் தள்ளிப்போடும் பழக்கத்தை 2014 முதல் உளவியலாளர்கள் தனியாகவே ஆராய்ந்துவருகிறார்கள். உங்களைத் திட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு உதைக்கிறது. வயது வந்தவருக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். 12 மணிக்குப் படுத்து 5.30-க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம்தான். இதில் 4 மணிக்கு வேறு எழுந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? ‘விடியலில் எழு’ என்கிற ஆலோசனை, இரவு 9 மணிக்குப் படுக்க முடிகிறவர்களுக்கானது. உங்களுக்கு அது பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

மாலைப் பொழுதை மீட்கப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பாருங்கள். 3 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை. 7 வயதில் 9 முதல் 12 மணி நேரம். காலை 6.30-க்கு எழ வேண்டிய பையன் இரவு 9 மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும். சின்னவள் 10 மணி வரை ஆட்டம் போடுகிறாள் என்றால், பகலில் அவள் எத்தனை மணி வரை தூங்குகிறாள் என்று பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். மாலை 4 மணியைத் தாண்டித் தூங்கும் குழந்தை இரவில் சீக்கிரம் கண் மூடுவது கஷ்டம். பகல் தூக்கத்தைச் சற்று முன்னால் நகர்த்தினாலே பல வீடுகளில் இரவில் ஒரு மணி நேரம் விடுபடுகிறது. ஓரிரு நாளில் நடக்காது, இரண்டு வாரம் பொறுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘சொன்னால் செய்வார்.’

2019-இல் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் வீட்டு வேலையின் கண்ணுக்குத் தெரியாத பகுதியை ஆராய்ந்து அதை நான்காகப் பிரித்தார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழிகள் என்று தேடுவது, ஒன்றை முடிவு செய்வது, முடிந்ததா என்று பின்தொடர்வது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முடிவெடுப்பதைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே செய்தார்கள். முதலாவதும் கடைசியும்தான், அதாவது முன்னுணர்வதும் பின்தொடர்வதும், அதிகமாகப் பெண்கள் பக்கம் சாய்ந்திருந்தன.

பையனின் ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலைக் கடிக்கத் தொடங்கிவிட்டதைக் கவனிப்பது நீங்கள். அளவு பார்ப்பது நீங்கள். ‘இந்த வாரம் வாங்கிவிடலாமா’ என்று கேட்டால் அவர் சரி என்பார், போய் வாங்கியும் வருவார். வாங்கினாரா, அளவு சரியா, பழையதை என்ன செய்வது என்பதெல்லாம் மறுபடி உங்களிடமே வரும். கடைக்குப் போய்வந்தது அவர். ஒரு வாரம் அதைச் சுமந்தது நீங்கள். சொல்வதும் நினைவூட்டுவதுமே ஒரு வேலை. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, நீங்கள் உட்பட.

ஆகவே வேலைகளைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். ஒரு துறையையே முழுதாக ஒப்படையுங்கள். பள்ளிக்கூடம் அவருடையது என்றால் கட்டணம், பெற்றோர் கூட்டம், நோட்டுப் புத்தகம், ஷூ எல்லாம் அவருடையது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எண் இருக்கட்டும், நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். இருவரும் உள்ளே இருந்தால் முதலில் படிப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

அவர் ஏதாவது ஒன்றை மறப்பார். மறக்கட்டும். பையன் ஒருநாள் வரைபட நோட்டு இல்லாமல் போய்த் திட்டு வாங்கினால் உலகம் கவிழ்ந்துவிடாது. நீங்கள் குறுக்கே புகுந்து சரிசெய்தால் அடுத்த நாளே அந்தத் துறை உங்களிடம் திரும்பிவிடும். மருந்து, பாதுகாப்பு போன்ற தவறக் கூடாத விஷயங்களுக்கு மட்டும் குறைந்தபட்சம் எது நடந்தே ஆக வேண்டும் என்று முதலிலேயே பேசி வையுங்கள். மற்றபடி சட்டையை எப்படி மடிக்கிறார், தலையை எந்தப் பக்கம் வாருகிறார் என்பது அவர் பாடு. (நிறைய அம்மாக்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். ‘அவருக்குச் சரியாக வராது’ என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.)

இதைப் பேசுவதற்கு ஒரு சண்டையின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘எனக்கு உதவி செய்யுங்கள்’ என்றும் தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் வேலை உங்களுடையதாகவே இருக்கும். ‘இதுவரை பள்ளி விஷயத்தை நான் பார்த்தேன், இந்த மாதத்திலிருந்து நீங்கள் பாருங்கள். வார இறுதியில் இரண்டு மணி நேரம் எனக்கு, இரண்டு மணி நேரம் உங்களுக்கு’ என்று நேராகச் சொல்லுங்கள். அவருக்கும் ஓய்வு நேரம் தேவைதான். அதை நீங்களே முன்வைத்தால் பேச்சு பேரமாக இருக்கும், புகாராக மாறாது.

அந்த இரண்டு மணி நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதிலும் கவனம் வேண்டும். தாய்மார்களின் ஓய்வு நேரத்தில் அளவு மட்டும் குறைவு இல்லை, அது சிதறியும் கிடக்கிறது. பத்து நிமிடம் புத்தகம், நடுவே ‘அம்மா, பென்சில் எங்கே?’ அதுவா ஓய்வு? கூப்பிட்டால் போக வேண்டிய நிலையில் இருக்கும் வரை நீங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள். கூடுமானவரை வீட்டை விட்டு வெளியே போங்கள். முடியாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. தினமும் ஐந்து ஐந்து நிமிடமாகத் தேற்றுவதைவிட வாரத்தில் ஒரு முறை முழுதாக இரண்டு மணி நேரம் மேல் என்பது என் கருத்து.

வெளியே போயும் மனசு வீட்டிலேயே நிற்கலாம். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். விட்ட இடத்தையும், திரும்பி வந்ததும் முதலில் செய்ய வேண்டியதையும் ஒரு சீட்டில் எழுதிவிட்டுக் கிளம்பினால் அந்த ஒட்டு குறையும் என்பது அவருடைய பிந்தைய ஆய்வு. ஒரு நிமிட வேலைதான்.

காலை ஓட்டத்துக்கு ஒன்றே ஒன்று. எல்லாரும் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். ‘கிளம்பப் பத்து நிமிடம்’ என்று நீங்கள் நினைப்பதும் அப்படித்தான். மூன்று நாள் மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த உண்மையான கணக்கை வைத்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. பிள்ளைகள் பள்ளியிலும் காப்பகத்திலும் இருக்கும் நாளில் எப்போதாவது அரை நாள் விடுப்பு எடுங்கள். விடுப்பு என்பது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் எடுப்பதற்கு என்று எந்த விதியும் இல்லை. அந்த அரை நாளில் அலமாரியை அடுக்கத் தொடங்கினீர்கள் என்றால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ‘ஒப்படைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்’ என்று கேட்கலாம். நியாயம்தான். நம்பிக்கையான இன்னொரு குடும்பத்தோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அவர்கள் பிள்ளைகளும் உங்களிடம், அடுத்த வாரம் உங்கள் பிள்ளைகள் அவர்களிடம். காசில்லாமல் நடக்கும், யாரும் யாருக்கும் கடன்பட்டதாகவும் நினைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெல்ஜியத்தின் ரோஸ்காம், மிகோலாய்சாக் என்ற இரு உளவியலாளர்கள் பெற்றோரின் உளச்சோர்வுக்கு நான்கு அடையாளங்கள் சொல்கிறார்கள்: பிள்ளை வளர்ப்பை நினைத்தாலே தாங்க முடியாத களைப்பு, பிள்ளைகளிடமிருந்து மனசு விலகிப்போவது, அவர்களோடு இருப்பதில் இன்பமே இல்லாமல் போவது, ‘நான் முன்பு இப்படிப்பட்ட அம்மாவாக இல்லையே’ என்ற எண்ணம். இவை சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் நேர மேலாண்மையால் தீராது. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உங்களையோ பிள்ளையையோ காயப்படுத்திவிடுவேனோ என்று ஒரு முறை தோன்றினாலும் வாரக்கணக்கு பார்க்காதீர்கள். பிள்ளைகளை வேறு பெரியவரிடம் விட்டுவிட்டு அன்றே போங்கள்.